கருமுட்டையை உறையவைக்க வெளிநாடு போகிறீர்களா? எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது: முழு வழிகாட்டி

என் 34வது வயதில் இரண்டு முறை வெளிநாடு போய் இதைச் செய்து முடித்தேன். அதற்குப் பிறகு தோழிகளும் தோழிகளின் தங்கைகளுமாக ஒன்பது பேருக்குத் தேதி போட்டுக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேருக்குத் துணையாகவும் போனேன். ஊசிக்குப் பயந்துதான் எல்லோரும் முதலில் பேச வந்தார்கள். ஊசியில் திணறியவர்கள் யாரும் இல்லை. சிக்கல் வந்ததெல்லாம் தேதியிலும் காகிதத்திலும்தான். அதனால் எந்த வேலை எதற்கு முன்னால் வர வேண்டும் என்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் சிகிச்சைக்கு முன் முட்டையைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு இந்தப் பயணத் திட்டம் பொருந்தாது. அவர்களுக்கு நாள் குறைவு. மாதவிடாய்க்குக் காத்திருக்காமல் எந்த நாளிலும் ஊசியைத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முடிக்கும் முறை இருக்கிறது. புற்றுநோய் மருத்துவரும் கருத்தரிப்பு மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளக்கூடிய இடத்திலேயே அதைச் செய்துகொள்ளுங்கள்.

1. முட்டையை எங்கே, எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலானவர்கள் கட்டணத்தைப் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறையவைப்பது பாதி வேலைதான். ஐந்து வருடமோ எட்டு வருடமோ கழித்து அந்த முட்டையை உருக்கி, விந்தணுவோடு சேர்த்து, கருவாக்கி, கர்ப்பப்பையில் வைக்க வேண்டும். அந்த வேலை எங்கே நடக்கும்? உறையவைத்த நாட்டுக்கே திரும்பப் போவீர்களா, முட்டையை வரவழைப்பீர்களா? இதற்குப் பதில் இல்லாமல் கிளினிக்குக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

காரணம், உறையவைக்க ஒரு சட்டம், பயன்படுத்த இன்னொரு சட்டம் என்று பல நாடுகள் பிரித்து வைத்திருக்கின்றன. சிங்கப்பூரில் 2023 ஜூலை முதல் 21 முதல் 37 வயது வரையுள்ள பெண்கள் மருத்துவக் காரணம் இல்லாமலும் முட்டையை உறையவைக்கலாம். ஆனால் பயன்படுத்தச் சட்டப்படி திருமணம் ஆகியிருக்க வேண்டும். பிரான்ஸ் 2021ல் சட்டத்தை மாற்றி அனுமதித்தது; முட்டையை எடுக்க 29 முதல் 37 வயதுக்குள் இருக்க வேண்டும். பிரிட்டனில் 2022 ஜூலை முதல் 55 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம், ஆனால் 10 ஆண்டுக்கு ஒரு முறை சம்மதத்தைப் புதுப்பிக்க வேண்டும். இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் சட்டப்படி சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 21க்கு மேல், 50க்குள் வயது இருக்க வேண்டும். சொந்த முட்டையை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவதென்றால் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும்.

உங்களுக்கு வேண்டியவை நான்கு பதில்கள். திருமணம் ஆகாத பெண் அங்கே உறையவைக்கலாமா? பயன்படுத்தலாமா? எத்தனை வருடம் வைத்திருக்கலாம், எந்த வயது வரை கருவை வைப்பார்கள்? முட்டையை வெளியே எடுத்துச் செல்ல அனுமதி உண்டா? இவற்றை அந்த நாட்டுக்கும் கேளுங்கள், நீங்கள் பிற்காலத்தில் வாழப்போகும் நாட்டுக்கும் கேளுங்கள். ஏற்றுமதிக்கு ஒரு நாடு சம்மதித்தாலும் இறக்குமதிக்கு அடுத்த நாடு சம்மதிக்க வேண்டும். இதைக் கேட்காமல் போன ஒரு தோழி இப்போது ஒவ்வொரு முறையும் அங்கேயே போய்த்தான் சிகிச்சை எடுத்தாக வேண்டும் என்ற நிலையில் இருக்கிறாள். சட்டங்கள் மாறும் என்பதால் பழைய கட்டுரைகளை நம்பாமல் அரசு ஒழுங்குமுறை அமைப்பின் தளத்தையே பாருங்கள்.

2. கிளம்பும் முன் உள்ளூரில் முடிக்க வேண்டிய பரிசோதனைகள்

முதல் இரண்டு: ஏஎம்ஹெச் (முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை, சினைப்பையில் உள்ள சிறு ஃபாலிக்கிள்களை எண்ணும் ஸ்கேன். ஃபாலிக்கிள் என்பது முட்டை வளரும் நீர்ப்பை. இந்த இரண்டும்தான் ஒரு சுற்றில், அதாவது ஊசி தொடங்கி முட்டை எடுப்பது வரையிலான ஒரு தடவையில், தோராயமாக எத்தனை முட்டை கிடைக்கும் என்று சொல்லும். முட்டையின் தரத்தைச் சொல்லாது. தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வயது.

இங்கே இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதே ஏஎம்ஹெச் எடுப்பது. மாத்திரை அந்த அளவைக் குறைத்துக் காட்டலாம். நிறுத்தி இரண்டு மூன்று மாதம் கழித்து எடுத்தால் நம்பகமான எண் கிடைக்கும். அதற்கு முன் குறைந்த எண்ணைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் அழுதவர்கள் உண்டு.

இரண்டாவது தவறு அலகு. சில ஆய்வகங்கள் மில்லி லிட்டருக்கு நானோகிராம் என்று எழுதும், சில லிட்டருக்கு பிகோமோல் என்று எழுதும். முதலாவதை 7.14 ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். அதாவது 1.5 என்பதும் 10.7 என்பதும் ஒரே அளவுதான். ஒருத்தி தன் 10.7ஐ இணையத்தில் பார்த்த நானோகிராம் அட்டவணையோடு ஒப்பிட்டு, முட்டை ஏராளமாக இருக்கிறது, ஒரே பயணம் போதும் என்று முடிவு செய்துவிட்டாள். ரிப்போர்ட்டை அனுப்பும்போது அலகையும் சேர்த்து அனுப்புங்கள்.

அடுத்து தைராய்டு, புரோலாக்டின், ஹீமோகுளோபின், ரத்த வகை. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை சமீபத்தில் செய்யவில்லையென்றால் அதையும் முடித்துவிடுங்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ் நான்கும் கட்டாயம், ஏனென்றால் உங்கள் முட்டை மற்றவர்களுடையதோடு ஒரே தொட்டியில் இருக்கப்போகிறது. இந்த நான்குக்கும் காலாவதி உண்டு. எத்தனை மாதத்துக்குள் எடுத்த ரிப்போர்ட் செல்லும் என்று கிளினிக்கிடம் கேட்டு, அதற்கேற்ப கடைசியில் எடுங்கள். மூன்று மாதம் முன்பே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அங்கே போய் மறுபடி எடுத்தவர்கள் பலர்.

ஸ்கேனில் சாக்லேட் கட்டி என்று சொல்லப்படும் எண்டோமெட்ரியோமா, பெரிய நீர்க்கட்டி, பிசிஓஎஸ் (சினைப்பையில் சிறு நீர்ப்பைகள் நிறையத் தெரியும் ஹார்மோன் கோளாறு) ஏதாவது தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பிசிஓஎஸ் இருந்தால் மருந்துக்கு சினைப்பை அளவுக்கு மீறிப் பொங்கும் ஆபத்து அதிகம். மருந்தின் அளவையும் முட்டையை முதிரச் செய்யக் கடைசியில் போடும் டிரிக்கர் ஊசியின் வகையையும் மருத்துவர் அதற்கேற்ப மாற்றுவார்.

3. எத்தனை முட்டை வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

இதைச் செய்யாமல் போனால் ஒரு பயணமா, இரண்டு பயணமா என்று தெரியாது. பணக் கணக்கும் விடுமுறைக் கணக்கும் தப்பும்.

2017ல் வெளியான ஓர் அமெரிக்கக் கணிப்பு மாதிரி சொல்வது இது: முதிர்ந்த 20 முட்டைகளை உறையவைத்தால் குறைந்தது ஒரு குழந்தை பிறக்கும் வாய்ப்பு 34 வயதில் 90 சதவீதம், 37 வயதில் 75 சதவீதம், 42 வயதில் 37 சதவீதம். இது கணிப்புதான், உறுதி அல்ல. ஆனாலும் வயது எவ்வளவு முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்க்கவில்லை.

முட்டை எப்படிக் குறைந்துகொண்டே வரும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சுற்றில் 14 முட்டை எடுத்தால் 11 போல முதிர்ந்தவையாக இருக்கும். அவற்றை மட்டும்தான் உறையவைப்பார்கள். பின்னால் உருக்கும்போது ஒன்பது அல்லது பத்து தாங்கும். விந்தணுவைச் செலுத்தினால் ஆறு ஏழு கருவாகும். ஐந்தாம் நாள் வரை வளர்வது மூன்று இருக்கலாம். அந்த மூன்றும் குழந்தையாகும் என்றில்லை. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்கள், எடுத்த அன்று மாலை எண்ணைக் கேட்டு உடைந்துபோவதில்லை.

என் முதல் சுற்றில் ஏழு முதிர்ந்த முட்டைதான் கிடைத்தது. மயக்கம் முழுதும் தெளியாத நேரத்தில் அந்த எண்ணைக் கேட்டபோது தொண்டை அடைத்தது. இரண்டு சுற்றுக்கு மனதையும் பணத்தையும் தயார் செய்து போயிருந்ததால் மட்டுமே அடுத்த வேளை சாப்பிட முடிந்தது.

4. கிளினிக்கிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை

தொலைபேசியில் கேட்டால் இனிமையான பதில் வரும். மின்னஞ்சலில் கேட்டால் பொறுப்பான பதில் வரும்.

உங்கள் ஆய்வகத்தில் உறையவைத்த முட்டைகளை இதுவரை எத்தனை முறை உருக்கியிருக்கிறீர்கள், என் வயதுக்காரர்களுடையதில் எத்தனை சதவீதம் தாங்கியது? முதல் கேள்வி இதுதான். உறையவைத்த எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் இடங்கள் நிறைய. உருக்கிப் பார்த்த அனுபவம் உள்ள இடங்கள் குறைவு. உறையவைப்பதில் செய்த தவறு உருக்கும் நாளில்தான் வெளியே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாட்களிலும் முட்டை எடுப்பீர்களா? ஃபாலிக்கிள் கிழமை பார்த்து வளராது. வார இறுதியில் ஆய்வகத்தை மூடும் இடங்களில் ஒரு நாள் முன்னேயோ பின்னேயோ தள்ளுவார்கள், அதில் முட்டை குறையலாம்.

திரவ நைட்ரஜன் தொட்டிக்கு 24 மணி நேர அலாரம் உண்டா, அலாரம் அடித்தால் யார் வருவார்? முட்டை மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. 2018 மார்ச்சில் அமெரிக்காவில் இரண்டு மையங்களில் ஒரே வார இறுதியில் தொட்டிக் கோளாறு வந்து ஆயிரக்கணக்கான முட்டைகளும் கருக்களும் பாதிக்கப்பட்டன. எல்லா முட்டையையும் ஒரே தொட்டியில் வைக்காமல் இரண்டாகப் பிரித்து வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். பல இடங்களில் செய்து கொடுப்பார்கள். கிளினிக் மூடப்பட்டால் அல்லது கைமாறினால் முட்டை எங்கே போகும் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கட்டணத்தைப் பிரித்துக் கேளுங்கள். 'பேக்கேஜ்' என்ற சொல்லுக்குள் மருந்து பெரும்பாலும் இருக்காது. மயக்க மருந்து, உறையவைத்தல், முதல் வருடச் சேமிப்பு, அடுத்தடுத்த வருடச் சேமிப்பு, பாதியில் சுற்றை நிறுத்தினால் எவ்வளவு திரும்பும், பின்னாளில் உருக்கி இக்ஸி (முட்டைக்குள் விந்தணுவை ஊசியால் செலுத்துவது) செய்ய எவ்வளவு, இன்னொரு நாட்டுக்கு அனுப்ப எவ்வளவு என்று தனித்தனியாக. இதில் மருந்து பெரிய தொகை. அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அதற்கு ஒரு வரம்பு கேளுங்கள்.

சம்மதப் படிவங்களை உங்களுக்குப் புரியும் மொழியில் இரண்டு வாரம் முன்பே அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் இறந்துபோனால், சுயநினைவு இழந்தால், இனி வேண்டாம் என்று முடிவெடுத்தால் முட்டையை என்ன செய்வது என்று அதில் கேட்டிருப்பார்கள். வரவேற்பறையில் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கக்கூடிய கேள்விகள் இல்லை அவை.

5. மாதவிடாய்க் கணக்கும் டிக்கெட்டும்

வழக்கமான முறையில் மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஊசி தொடங்கும். 10 முதல் 12 நாள் ஊசி போகும், சிலருக்கு 14 நாள். கடைசி ஊசிக்கு ஒன்றரை நாள் கழித்து முட்டையை எடுப்பார்கள். ஆக முழுச் சுற்றையும் அங்கேயே செய்தால் 16 முதல் 20 நாள் தங்க வேண்டும். முதல் ஐந்தாறு நாள் ஊசியை வீட்டிலிருந்தே போட்டு, ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டுக் கிளம்பினால் 9 முதல் 12 நாள் போதும்.

மாதவிடாய் தேதி தவறுவது இயல்பு. பயணப் பதற்றத்தில் இன்னும் தவறும். அதனால் மாற்ற முடியாத டிக்கெட் வாங்காதீர்கள். இந்த ஒரு தவறில் சிலர் இழந்த பணம், மாற்றக்கூடிய டிக்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்கும் பணத்தைவிட அதிகம். முந்தைய சுற்றில் மாத்திரை கொடுத்துத் தேதியை ஒழுங்குபடுத்தும் வழி இருக்கிறது. எந்த நாளிலும் தொடங்கும் முறையும் இருக்கிறது. இரண்டில் எது உங்களுக்குச் சரி என்று மருத்துவர் சொன்ன பிறகு டிக்கெட் போடுங்கள். ரத்தம் உறையும் கோளாறு உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால் மாத்திரை பற்றிப் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

திரும்பும் தேதியை முட்டை எடுக்கும் உத்தேச நாளிலிருந்து குறைந்தது ஐந்து நாள் தள்ளி வையுங்கள். ஊசி இரண்டு நாள் நீண்டாலும் அப்போது இடம் இருக்கும்.

எந்த விசாவில் சிகிச்சை எடுக்கலாம் என்பதைக் கிளினிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள். சில நாடுகளில் சுற்றுலா விசா போதும், சிலவற்றில் மருத்துவ விசா தனி. பயணக் காப்பீடு பெரும்பாலும் திட்டமிட்ட சிகிச்சையையும் அதனால் வரும் சிக்கலையும் விலக்கி வைத்திருக்கும். அந்த விலக்குப் பத்தியைத் தேடிப் படியுங்கள். சிக்கலுக்கும் சேர்த்துக் காப்பீடு தருபவர்கள் இருக்கிறார்கள், தேடினால் கிடைக்கும்.

துணைக்கு ஒருவர் வேண்டும். மயக்க மருந்து கொடுத்த பிறகு தனியாக வெளியே விடமாட்டார்கள். முழுப் பயணத்துக்கும் வர முடியாதென்றால் முட்டை எடுக்கும் நாளுக்கு முந்தைய இரவு முதல் இரண்டு நாளாவது வரச் சொல்லுங்கள்.

6. உள்ளூரில் ஸ்கேன் எடுக்க ஆள் பிடியுங்கள்

முதல் வாரத்தை வீட்டில் கழிப்பதென்றால் ஊசி தொடங்கும் முன் ஒரு ஸ்கேனும் ஐந்தாம் ஆறாம் நாள் ஒரு ஸ்கேனும் உள்ளூரில் எடுக்க வேண்டும். ஊசி தொடங்கிய பிறகு தேடினால், வேறு மருத்துவரின் நோயாளியை ஏற்க மாட்டோம் என்று பல இடங்களில் சொல்வார்கள். ஒரு மாதம் முன்பே பேசி வையுங்கள்.

ஸ்கேன் எடுப்பவரிடம் 'எல்லாம் நார்மல்' என்று எழுதி வாங்கி வந்தால் பயனில்லை. வலது சினைப்பை, இடது சினைப்பை இரண்டிலும் உள்ள ஒவ்வொரு ஃபாலிக்கிளின் அளவும் மில்லி மீட்டரில் வேண்டும். கர்ப்பப்பை உட்படலத்தின் தடிமனும் வேண்டும். ஃபாலிக்கிள் வளர வளரக் கூடும் எஸ்ட்ரடயால் ஹார்மோனின் ரத்த அளவு அன்று மாலைக்குள் வேண்டும், ஏனென்றால் அன்றிரவு ஊசியின் அளவை அதை வைத்துத்தான் மாற்றுவார்கள். கிளினிக் தரும் படிவத்தை அச்செடுத்துக் கொண்டுபோய் நிரப்பச் சொல்வதுதான் எளிது.

7. மருந்தை வாங்குவதும் குளிர்ச்சியில் வைப்பதும்

ஒரே மருந்து நாட்டுக்கு நாடு வேறு பெயரில் இருக்கும். பெட்டியின் மேல் உள்ள பெயரைப் பார்க்காமல் உள்ளே உள்ள மருந்தின் பொதுப்பெயரையும் யூனிட் அளவையும் பாருங்கள். ஊசிப் பேனாவாக வருவதும் பொடியாகக் கரைத்துப் போடுவதும் வேறு வேறு. பொடியைக் கரைக்கும் விதத்தைக் கிளம்பும் முன் ஒரு நர்ஸிடம் கையால் செய்து பழகிவிடுங்கள்.

சில மருந்துகளை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், சிலவற்றைச் சில வாரம் அறை வெப்பத்தில் வைக்கலாம். பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதியிருக்கும். விமானத்தில் எப்போதும் கைப்பையில்தான். சரக்கு அறையில் பெட்டி தொலையலாம், மருந்து உறைந்தும் போகலாம். மருத்துவர் கடிதம், மருந்துச் சீட்டு இரண்டும் பாஸ்போர்ட் பெயரில் இருக்கட்டும். ஊசி முனைகளைப் பற்றிக் கேட்டால் கடிதத்தைக் காட்டுங்கள். ஐஸ் பேக் மருந்துப் பெட்டியை நேராகத் தொடாமல் நடுவில் ஒரு துணி வையுங்கள். உறைந்த மருந்தை வெளியே எடுத்தால் பழையபடிதான் தெரியும், வேலை செய்யாது.

விடுதி அறையின் குளிர்ப்பெட்டியை நம்பும் முன் ஒன்று செய்யுங்கள். பல விடுதிகளில் அறைச் சாவி அட்டையை எடுத்தால் மொத்த மின்சாரமும் நிற்கும், குளிர்ப்பெட்டியும் சேர்ந்து. நான் துணைக்குப் போன தோழி காலையில் ஸ்கேனுக்குக் கிளம்பும்போது அட்டையை உருவி எடுத்துக்கொண்டு வந்தாள். மதியம் திரும்பிக் கதவைத் திறந்ததும் குளிர்ப்பெட்டியின் அடியில் தரைவிரிப்பு ஈரமாக இருந்தது. கிளினிக்குக்குப் போன் செய்து, அந்த மருந்து அறை வெப்பத்தில் தாங்கும் வகை என்று உறுதி செய்யும் வரை அவள் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சமையலறை உள்ள வாடகை வீட்டில் இந்தப் பிரச்சினை இல்லை. விடுதிதான் என்றால் வரவேற்பறையில் மருந்துக்கெனத் தனிக் குளிர்ப்பெட்டி கேளுங்கள். சின்ன வெப்பமானி ஒன்றையும் மருந்தின் பக்கத்தில் போட்டு வையுங்கள்.

8. ஊசி நாட்கள்

தினமும் ஒரே நேரத்தில் ஊசி. தொப்புளிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி, வலமும் இடமும் மாற்றி மாற்றி. ஐந்தாம் ஆறாம் நாள் அளவில் இரண்டாவது ஊசி ஒன்று சேரும். முட்டை நேரத்துக்கு முன்பே வெடித்து வெளியேறாமல் தடுப்பது அது. இதை ஒரு நாள் தவறவிட்டால் முழுச் சுற்றும் வீணாகலாம், அதனால் நினைவூட்டல் இரண்டு வையுங்கள்.

நேர மண்டலம் மாறும் நாள் குழப்பும். வீட்டில் இரவு 8 மணிக்குப் போட்டவர், போய் இறங்கிய ஊரிலும் இரவு 8 மணி என்று வைத்தால் இடைவெளி நீளலாம், சுருங்கலாம். பயண நாளுக்கு எத்தனை மணிக்கு என்று கிளினிக்கிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அங்கே போனதும் இரண்டு நாளுக்கு ஒரு முறை ஸ்கேன், கடைசியில் தினமும். திரையில் கறுப்பு வட்டங்களாகத் தெரிபவைதான் ஃபாலிக்கிள்கள். நர்ஸ் ஒவ்வொன்றாக 14, 16, 11 என்று படித்துக்கொண்டே போவார். பெரியவை 17, 18 மில்லி மீட்டரைத் தொட்டதும் முடிக்கும் பேச்சு வரும்.

வயிறு உப்பும், இறுக்கமாக இருக்கும். தளர்ந்த உடைகளை எடுத்துப் போங்கள். ஓடுவது, குதிப்பது, உடலை முறுக்கும் பயிற்சி எல்லாம் வேண்டாம். பெருத்த சினைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அதற்கு அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும். இந்த நாட்களில் பாதுகாப்பில்லாத உடலுறவும் வேண்டாம். எடுக்காமல் விட்டுப்போன முட்டை ஒன்றிரண்டு இருந்தாலும் கரு தங்கலாம்.

9. டிரிக்கர் ஊசி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

முட்டையை இறுதியாக முதிரச் செய்யும் ஊசி இது. இதற்கு 34 முதல் 36 மணி நேரம் கழித்து முட்டையை எடுப்பார்கள். சீக்கிரம் எடுத்தால் முதிர்ந்திருக்காது, தாமதமானால் வெடித்துப் போயிருக்கும். திங்கள் இரவு 11.30க்கு ஊசி என்றால் புதன் காலை 11.30க்குள் நீங்கள் மேசையில் இருக்க வேண்டும். பத்து நாள் உழைப்பும் பத்து நிமிடக் கவனத்தில் நிற்கிறது.

நள்ளிரவை ஒட்டிய நேரம் கொடுத்தால் தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். 'செவ்வாய் 12.15' என்பதைச் செவ்வாய் மதியம் என்று எடுத்துக்கொண்டவர் உண்டு. போட்டதும் காலியான ஊசியையும் கடிகாரத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். நேரம் தவறிவிட்டால் மறைக்காமல் உடனே சொல்லுங்கள், எடுக்கும் நேரத்தை அவர்கள் தள்ளி வைக்கலாம்.

பிசிஓஎஸ் உள்ளவர்களும் நிறைய ஃபாலிக்கிள் உள்ளவர்களும் எந்த வகை டிரிக்கர் என்று கேளுங்கள். ஹெச்சிஜி வகை உடலில் நாள்கணக்கில் தங்கி சினைப்பையைத் தொடர்ந்து தூண்டும். அகோனிஸ்ட் வகையில் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். கருவை உடனே வைக்கப் போவதில்லை என்பதால் உறையவைப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் பொருந்தும். விமானம் ஏற வேண்டியவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

10. முட்டை எடுக்கும் நாள்

முந்தைய இரவிலிருந்து வெறும் வயிறு. நறுமணத் திரவியம், நகப்பூச்சு வேண்டாம். பக்கத்தில் ஆய்வகம் இருக்கிறது, அங்கே காற்றுகூடச் சுத்தமாக இருக்க வேண்டும். மயக்கத்தில் 15 முதல் 30 நிமிடம். பிறப்புறுப்பு வழியே ஸ்கேன் கருவியோடு சேர்ந்த மெல்லிய ஊசியால் ஒவ்வொரு ஃபாலிக்கிளையும் உறிஞ்சி எடுப்பார்கள். வெட்டு, தையல் கிடையாது.

விழித்ததும் ஓர் எண் சொல்வார்கள். அது எடுத்த எண். உறையவைத்த எண் மாலையில்தான் தெரியும், குறைவாகத்தான் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். வீட்டுக்குச் சொல்வதாக இருந்தால் இரண்டாவது எண் வரும் வரை பொறுத்துச் சொல்லுங்கள்.

11. விமானம் ஏறும் முன்

ஓரிரு நாளில் பறக்கலாம் என்று பல கிளினிக்குகள் சொல்கின்றன. குறைந்தது மூன்று இரவு தங்குங்கள் என்பது என் கருத்து. சினைப்பை பொங்கும் சிக்கல் வந்தால் எடுத்த முதல் சில நாட்களில் தலைகாட்டும். அதை நடுவானில் சந்திப்பதைவிட, உங்களை அறிந்த மருத்துவருக்குப் பக்கத்தில் சந்திப்பது மேல்.

காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால், வயிறு வீங்கிக்கொண்டே போனால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால், வாந்தி நிற்காவிட்டால் விமானம் ஏறாதீர்கள், கிளினிக்குக்குப் போங்கள். காய்ச்சல், அதிக ரத்தப்போக்கு, ஒரு பக்கம் மட்டும் பிடுங்கும் வலி என்றால் இரவானாலும் காத்திருக்க வேண்டாம். விமானத்தில் நடைபாதை ஓர இருக்கை, இறுக்கமான காலுறை, தண்ணீர், மணிக்கு ஒரு முறை எழுந்து நடப்பது. ஹார்மோன் ஏறியிருக்கும் இந்த நாட்களில் காலில் ரத்தம் கட்டும் வாய்ப்பு வழக்கத்தைவிட அதிகம்.

12. கையோடு வாங்கி வர வேண்டிய காகிதங்கள்

அனுப்பி வைக்கிறோம் என்பார்கள். இல்லை, காத்திருந்து வாங்கி வருகிறேன் என்று சொல்லுங்கள். ஊர் திரும்பிய பிறகு கேட்டு வாங்க எனக்கு நான்கு மாதம் ஆனது.

முதலாவது உறையவைத்த அறிக்கை. அதில் தேதி, முதிர்ந்த முட்டை எத்தனை, முட்டையை ஏற்றி உறையவைக்கும் மெல்லிய குச்சி ஒன்றில் எத்தனை, எந்த வகைக் குச்சி, எந்த நிறுவனத்தின் உறைதிரவம், தொட்டியில் எந்த இடம் என்று எல்லாம் இருக்க வேண்டும். வேறொரு ஆய்வகம் பின்னால் உருக்கப்போகிறது என்றால் குச்சியும் திரவமும் தெரியாமல் தொட மாட்டார்கள், தொடவும் கூடாது. அடுத்து நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவங்களின் நகல். தொற்றுப் பரிசோதனை ரிப்போர்ட், எடுத்த தேதியோடு. இறக்குமதி செய்யும் நாடு இதைத்தான் முதலில் கேட்கும். தினமும் எந்த மருந்து எவ்வளவு போட்டீர்கள் என்ற அட்டவணையும் வேண்டும், இரண்டாவது சுற்று வேறு இடத்தில் செய்தால் அந்த மருத்துவர் அதைப் பார்த்துத்தான் தொடங்குவார்.

எல்லாவற்றிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். ஒரு தாளில் முதலெழுத்து, இன்னொன்றில் முழுப்பெயர் என்றிருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கப் பின்னால் அலைய நேரிடும். திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றினால் கிளினிக்குக்கும் தெரிவியுங்கள்.

13. ஊர் திரும்பிய பிறகு

ஒன்று இரண்டு வாரத்தில் மாதவிடாய் வரும், சற்று அதிகமாகவே போகலாம். அடுத்த சுற்றை உடனே செய்யலாமா என்று மருத்துவர் சொல்வார். அதற்கு முன் ஒரு ஸ்கேனில் சினைப்பை பழைய அளவுக்குத் திரும்பிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சேமிப்புக் கட்டணம்தான் பலர் மறக்கும் இடம். ஒரு தோழியின் வங்கி அட்டை காலாவதியானது. கிளினிக் அனுப்பிய மூன்று நினைவூட்டல்களும் அவள் விட்டு வந்த வேலையின் மின்னஞ்சலுக்குப் போயின. ஒப்பந்தப்படி முட்டையை அழிக்கும் நோட்டீஸ் வரை போனது, தற்செயலாகக் கிளினிக்குக்குப் போன் செய்ததால் பிழைத்தது. சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். நம்பகமான இன்னொருவரின் தொடர்பையும் சேர்த்துக் கொடுங்கள். வீடு, எண், அட்டை மாறும் ஒவ்வொரு முறையும் தெரிவியுங்கள்.

முட்டையை வேறு நாட்டுக்கு மாற்றுவதென்றால் முதலில் பெறும் கிளினிக்கின் சம்மதம், அடுத்து இரு நாட்டு அனுமதி, கடைசியில்தான் கூரியர். இந்த வரிசை மாறினால் பெட்டி விமான நிலையத்தில் நிற்கும். திரவ நைட்ரஜனை உறிஞ்சி வைத்திருக்கும் பிரத்யேகப் பெட்டி சில நாட்கள்தான் குளிர் தாங்கும். வழியெல்லாம் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி உள்ளே இருக்கிறதா, எக்ஸ்ரே வழியாக அனுப்பாமல் கையால் சோதிக்க ஏற்பாடு உண்டா என்று கூரியர் நிறுவனத்திடம் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்பாமல் இரண்டு தவணையாக அனுப்ப முடிந்தால் அப்படியே செய்யுங்கள். பெட்டி போய்ச் சேர்ந்ததும் அந்தப் பதிவின் நகலை வாங்கி, உறையவைத்த அறிக்கையோடு ஒரே கோப்பில் வையுங்கள்.